பட்டியலில் ஒன்பதாவது பெயர்

லியோனே, டுடுயிலா தீவு
ஏப்ரல் 6

தங்கச்சி சினீராவுக்கு,

பதினாறு மாதம் கழித்து எழுதுகிறேன். போனில் பேசிவிடலாம் என்று மூன்று முறை எடுத்தேன். நம் வீட்டில் ஒருவன் போனைத் தொட்டால் போதும், அம்மா, லெவாசா அத்தை, அத்தையின் இரண்டு மருமகன்கள் எல்லோரும் சாப்பாட்டுத் தட்டோடு சுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்கள் முன்னால் "அங்கே ரொம்பக் குளிரா?" என்று மட்டும்தான் கேட்க முடியும். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

என் ஏஜென்ட் டெல்ரே ஒரு செய்தி சொன்னான். உங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியில் தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்க ஆள் இல்லையாம். ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டது, இன்னொருவன் வேறு அணிக்குப் போய்விட்டான். பதினோரு பேர் கொண்ட பட்டியல் ஒன்று போட்டிருக்கிறீர்கள். அதில் நான் ஒன்பதாவது.

"ஒன்பதா? முன்னாடி இருக்கிற எட்டுப் பேரு யாரு?" என்றேன்.

"அதுல மூணு பேருக்கு உங்க வயசுல பாதிதான் சார்."

எனக்கு முப்பத்தைந்து. பதினேழரை வயதில் யாரையும் எடுப்பதில்லை என்று அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

உடம்பைத் தயாராகத்தான் வைத்திருக்கிறேன். தினமும் மூன்று மணிக்கு அத்தையின் பிக்கப் வண்டியைத் தேவாலயத்து மேட்டில் தள்ளி ஏற்றுகிறேன். ஸ்டீயரிங்கை அத்தை பிடித்துக்கொள்கிறார். பாரத்துக்காகப் பின்னால் மருமகன்கள். முதல் வாரம் அவ்வளவுதான். இப்போது வழியில் நிற்பவர்களும் கைகாட்டி ஏறிக்கொள்கிறார்கள். நேற்று ஒருவர் வாழைத்தாரோடு ஏறி, "கொஞ்சம் வேகமாத் தள்ளுப்பா, பாட்டு ஒத்திகைக்கு நேரமாச்சு" என்றார். தள்ளினேன்.

ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். பாங்கோ பாங்கோ தபால் நிலையத்தில் இந்த உறை வாங்கும்போதும், "இன்னும் ஆடுறியா, இல்ல முடிச்சாச்சா?" என்றார்கள். முடித்தது நான் இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது?

உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. பட்டியலில் என் பெயர் இருப்பது எனக்குத் தெரியும், அது உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதினேன்.

பெனி

*

டுலூத்
ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. படித்துவிட்டு எழுந்து நடக்கிறேன், திரும்பி வந்து மறுபடி படிக்கிறேன். அலுவலக ஜன்னலுக்கு வெளியே ஏரியில் பனிக்கட்டி இன்னும் உடைந்து முடியவில்லை. பகலெல்லாம் யாரோ பலகைகளை இறக்கிப் போடுவதுபோல் சத்தம். குளிர்தான். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் ஆட்டத்தையும் படத்தில் பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டியது என் வேலை. உன் பெயரைப் பார்த்ததும் நேராக வெர்னன் ஹால்ஸ்டெட்டிடம் போனேன். ஆள் எடுக்கும் முடிவு அவருடையது. இவர் என் அண்ணன், இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அதனாலதான் உன்கிட்ட குடுக்கறேன். வேற யாரு அவரை இருபது வருஷமா பாத்திருக்காங்க?"

எனவே எழுதப்போவது நான்தான். உனக்காக ஒரு சொல் கூட்டியும் எழுதமாட்டேன், குறைத்தும் எழுதமாட்டேன். இங்கே இரண்டு பேச்சு ஓடுகிறது. ஒரு சாரார், முப்பத்தைந்து வயதுக்காரனை எடுப்பது பழைய கூரைக்கு வர்ணம் அடிப்பது மாதிரி என்கிறார்கள். இன்னொரு சாரார், ஆட்டத்துக்கு இருபது முறை நடுவில் நின்று இரண்டு பேரைத் தாங்கினால் போதும், அதற்கு இளைஞன் எதற்கு என்கிறார்கள். வெர்னன் இரண்டாவது பக்கம் சாய்கிறார் என்று நினைக்கிறேன்.

அந்த நவம்பரைப் பற்றி ஒருமுறையாவது நான் சொல்ல வேண்டும். நீ அப்போது சேக்ரமென்டோவுக்கு ஆடினாய். எங்களோடு ஆட்டம். உன் படங்களை எனக்குக் கொடுத்தார்கள். குனிந்து இடது கையைத் தரையில் ஊன்றும்போது, நீ முன்னால் பாயப்போகிறாய் என்றால் பாரமெல்லாம் விரல் நுனிக்கு வந்து நகங்கள் வெளுத்துவிடும். நின்று தாங்கப்போகிறாய் என்றால் நகங்கள் சிவப்பாகவே இருக்கும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. எட்டு வயதில் லியோனே பள்ளி மைதானத்துச் சுவரில் உட்கார்ந்து பார்த்தது. படத்தில் அதையே பார்த்ததும் எழுதிக் கொடுத்தேன். அது என் வேலை.

வேலை என்று எழுதியபிறகும் உட்கார முடியவில்லை.

சினீரா

*

லியோனே
மே 4

சினீரா,

வேலை. சரி.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு மைதானத்து மேல் மாடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து தெரிந்திருக்கும். கீழே எப்படி இருந்தது என்று நான் சொல்கிறேன். நான் பாயும்போதெல்லாம் பாய்ந்த இடம் காலியாக இருந்தது. நான் நிற்கும்போதெல்லாம் இரண்டு பேர் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மனதில் நினைப்பது உங்கள் ஆட்களுக்குக் கேட்கிறதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. மூன்றாவது கால் பகுதியில் என்னை வெளியே உட்கார வைத்தார்கள். ஆட்டம் முடிந்து கைகொடுக்க வந்தபோது எனக்கு நேர் எதிரே ஆடிய உங்கள் சென்டர் ஹல்வர்சன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "உன் தங்கச்சிக்கு என் சார்பா ஒரு தேங்க்ஸ் சொல்லிடு, பெரியவரே."

அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. எதிராளி வாயால்.

எட்டு வயதிலேயே பார்த்தேன் என்கிறாய். அப்படியானால் பதினேழு வருஷத்தில் ஒரு நாளாவது, "அண்ணா, உன் நகம் வெளுக்குது" என்று என்னிடம் சொல்லியிருக்கலாமே. எல்லாவற்றையும் பார்க்கிறாய். காகிதத்துக்குச் சொல்கிறாய். என்னிடம் சொல்வதில்லை.

இதைத் தபாலில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். இப்போது கொஞ்சம் ஆறிவிட்டது, அதனால் மீதியை எழுதுகிறேன்.

ஏன் இன்னும் ஆட வேண்டும் என்று அம்மா கேட்கிறார். என் கடைசி ஆட்டத்தில் நான் முழங்கால் வரை கோட்டுப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றேன். ஜனவரியில் அணியிலிருந்து ஒரு போன், விடுவித்துவிட்டோம் என்று. நாற்பது நொடி. அதில் பத்து நொடி என் பெயரைத் தப்பாகச் சொல்லித் திருத்தியதில் போனது. பதின்மூன்று வருஷம் ஆடியவன், ஆடி முடிக்கவில்லை, விளக்கை அணைப்பதுபோல் அணைத்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஒரு சீசன் வேண்டும். முடிந்ததும் "போதும்" என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது இரவு பகலாய் நடந்துகொண்டே இருக்கிறேன். அத்தை என்னை வேலி ஓரத்துப் பன்றி என்று கூப்பிடுகிறார்.

பெனி

*

டுலூத்
மே 19

அன்புள்ள அண்ணா,

நீ சொன்னது சரி. நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வதாகிவிடும்.

எனவே இந்த முறை முதலில் உன்னிடம் கேட்கிறேன்.

கடந்த சீசனில் நீ ஆடிய நானூற்றுப் பன்னிரண்டு முறையையும் பார்த்து முடித்துவிட்டேன். ஒன்பதாவது வாரத்திலிருந்து நீ விரல்களை ஊன்றுவதில்லை. கையை மூடி முட்டியை ஊன்றுகிறாய். நகத்தை என் மாதிரி ஆட்களிடமிருந்து மறைக்கத்தான் என்று முதலில் நினைத்தேன். வெட்கமாக இருந்தது. அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். ராத்திரி வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு ஏதோ உறுத்தியது. காலையில் மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

நீ கையை ஊன்றும் முன் குனிந்து அதைப் பார்க்கிறாய். முன்பெல்லாம் பார்த்ததில்லை. உன் கண் எப்போதும் பந்தின் மேல் இருக்கும், கை தானாகப் போய்த் தரையைத் தொடும். இப்போது கை எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடி வைக்கிறாய். ஒருமுறை இரண்டு முறை இல்லை. ஒன்பதாவது வாரத்திலிருந்து நீ ஆடிய ஒவ்வொரு முறையும்.

அதற்கு முந்தைய ஆட்டத்துக்குப் போனேன். கடைசி நிமிடங்களில் இரண்டு பேர் சேர்ந்து உன் தலையைக் கீழே அழுத்தி விழுகிறார்கள். நீ எழுந்து, நனைந்த கையை உதறுவதுபோல் இடது கையை உதறுகிறாய். நான்கு முறை. யாரும் ஓடி வரவில்லை, ஏனென்றால் நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

அண்ணா, உன் இடது கையில் உணர்வு இருக்கிறதா?

இங்கே மருத்துவரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். கழுத்தில் அடிபட்டு ஒரு கை மரத்துப்போனால், அடுத்த அடியில் கை மட்டும் போகாது என்றார். அவர் சொன்ன மீதியை எழுதமாட்டேன்.

ஜூன் 11 அன்று உன்னை இங்கே கூப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள். டெல்ரே சொல்லியிருப்பான். இப்போது நீ நான்காவது பெயர். அதற்குள் எனக்குப் பதில் எழுது. அறிக்கையில் இன்னும் இதை எழுதவில்லை.

சினீரா

*

லியோனே
மே 30

தங்கச்சிக்கு,

இரண்டு விரல், பாதி உள்ளங்கை. சுண்டுவிரல் பக்கம்.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை பன்றி சுடும் அடுப்புக் கற்களைப் பிரிக்கும்போது சூடான கல் ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அத்தையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர்தான் மோப்பம் பிடித்தார். "பன்றிதான் வேகுதுன்னு நெனச்சேன், பாத்தா நீ" என்றார். இப்போது ஆறிவிட்டது. நான் சிரித்துத்தான் எழுதுகிறேன், நீயும் சிரித்துப் படி.

பலம் குறையவில்லை. வண்டியை ஏறக்குறைய பாதி ஊரோடு தள்ளுகிறேன். தெரியாமல் போனது தொடுவது மட்டும்தான். எதிராளியைத் தொட்டு உணர நான் அங்கே போகவில்லை.

நீ கேட்டதற்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். இப்போது நான் ஒன்று கேட்கிறேன்.

அணிக்கு எழுதுவது உன் வேலை. எழுது. அதற்காக எனக்குக் கோபம் வந்தாலும் சாப்பிட்டுத் தூங்கிவிடுவேன். இந்த அணி இல்லையென்றால் இன்னொன்று. ஆனால் என் தங்கையாக, "ஆடாதே" என்று மட்டும் சொல்லிவிடாதே. சொன்னால் தீர்ந்தது என்பது உனக்குத் தெரியும். நம் வழக்கத்தில் கூடப்பிறந்தவள் அண்ணனுக்கு உடன்படிக்கை, அவள் சொல்லை அவன் மீற முடியாது. உன் வார்த்தையைத் தாண்டிப் போய் ஆடி, ஏதாவது ஆனால் அது வேறு. ஒன்றும் ஆகாமல் நன்றாக ஆடினால்கூட நான் ஊருக்குத் திரும்பி அந்த வீட்டில் உட்கார முடியாது. அத்தை ஒரே ஒரு வார்த்தை சொன்னார் என்று அப்பா கட்டி முடித்த படகைத் தண்ணீரில் இறக்காமலே விற்றார். காரணம்கூடக் கேட்கவில்லை. நானும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தான்.

எனவே கெஞ்சிக் கேட்கிறேன். சொல்லாதே.

11ஆம் தேதி பார்ப்போம். பேச வேண்டியதில்லை.

பெனி

*

டுலூத்
ஜூன் 14

அன்புள்ள அண்ணா,

உன் விமானம் இப்போது ஹொனலூலுவைத் தாண்டியிருக்கும். உனக்கு முன்னால் இந்தக் கடிதம் போய்ச் சேராது. ஆனாலும் நீ நேரில் இருந்த இரண்டு நாளில் சொல்ல முடியாததை நீ போன பிறகு எழுதத்தான் எனக்கு வருகிறது.

பனிமூட்டத்தில் மைதானத்தின் அந்தப் பக்கம் நீ நின்றபோது அப்பா நிற்பதுபோல் இருந்தது. இரும்புச் சட்டத்தை முட்டித் தள்ளச் சொன்னார்கள். அதன் மேல் பயிற்சியாளர் ஒருவர் ஏறி நிற்பது வழக்கம். நீ மூவரை ஏற்றிக்கொண்டு தள்ளினாய். அதில் ஒருவர் கீழே விழுந்தார். நீ குனிந்து அவரிடம், "பாட்டு ஒத்திகைக்கு நேரமாச்சா?" என்று கேட்டதாகவும் ஏன் அப்படிக் கேட்டாய் என்றும் இங்கே இரண்டு நாளாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் விளக்கவில்லை.

மதியச் சாப்பாட்டில் வெர்னன் நமக்கு நடுவில் உட்கார்ந்து, அண்ணன் தங்கை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையே என்று சங்கடப்பட்டு, மீனைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார் பாவம். பிறகு என்னிடம், "உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா?" என்றார். எங்கள் ஊரில் அண்ணன் தங்கை அதிகம் பேசாமல் இருப்பது மரியாதை என்றேன். அவர் நம்பவில்லை. பாதிப் பொய் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

மருத்துவச் சோதனையில் நீ தேறிவிட்டாய். பிடிப்பு இரண்டு கையிலும் சமம். ஊசிமுனையால் தொட்டபோது எல்லா விரலையும் சரியாகச் சொன்னாயாம். அந்த அறையில் நான் இல்லை.

மாலை நான்கு மணிக்கு வெர்னன் முதல் பெயராக உன்னை எழுதினார். ஐந்து மணிக்கு என் அறிக்கையைக் கொடுத்தேன். கை, கழுத்து, ஒன்பதாவது வாரம், எல்லாம் அதில் இருக்கிறது. அவர் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர்கிட்டதான் முதல்ல கேட்டேன்."

"அப்புறமும் வந்து தள்ளிக் காட்டினாரா?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். பிறகு பெயரை அடித்தார்.

தங்கையாக நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ கேட்டபடி. அறிக்கை அணியோடு இருக்கும், வெளியே போகாது. ஆனால் உனக்கும் எனக்கும் தெரிந்துவிட்டது. இது போதும் என்று நினைக்கிறேன்.

சினீரா

*

லியோனே
ஜூலை 9

மதிப்பிற்குரிய அதிகாரி சினீரா அவர்களுக்கு,

தங்கள் அணி எனக்கு அனுப்பிய நன்றிக் கடிதம் கிடைத்தது. என் பெயரைச் சரியாக எழுதியிருந்தீர்கள்.

நீங்கள் செய்தது சரி. நானே எழுது என்றுதான் சொன்னேன். சாப்பிட்டேன். தூக்கம்தான் வரவில்லை.

ஒரு விஷயம் தெரிவிக்க வேண்டும். மெம்ஃபிஸ் அணி கூப்பிட்டது. போய் வந்தேன். அங்கேயும் சட்டத்தைத் தள்ளச் சொன்னார்கள், அங்கேயும் ஊசியால் தொட்டார்கள். கண்ணை மூடச் சொன்னால் முழுதாக மூடக் கூடாது என்பது எந்தத் தற்காப்பு வரிசைக்காரனுக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டாகிவிட்டது. 22ஆம் தேதி முகாம். ஆகஸ்ட் 9, சனிக்கிழமை, முதல் பயிற்சி ஆட்டம். பதினைந்து இருபது முறை இறக்குவோம் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.

அத்தை வண்டியை நிறுத்திவிட்டார். ஊர்க்காரர்கள் இப்போது நடந்து போகிறார்கள், என்னைத் திட்டிக்கொண்டே.

இனி எழுத வேண்டியதில்லை. முகாமில் நேரம் இருக்காது.

பெனி

*

டுலூத்
ஆகஸ்ட் 5, விரைவுத் தபால்

அண்ணா,

உன் கடிதத்துக்குப் பிறகு ஐந்து கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்று மெம்ஃபிஸ் மருத்துவருக்கு. அதை உறையில்கூடப் போட்டுவிட்டேன். வெர்னனிடம் சொன்னேன். அவர் வேலை போகும் என்று பயமுறுத்தவில்லை. "நீ அனுப்பினா அவங்க விடுவாங்க. மூணாவது டீம் கூப்பிடும். எத்தனை பேருக்கு எழுதுவே?" என்று மட்டும் கேட்டார். உறையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தேன். கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்த் திரும்பி, மறுபடி போனேன். கடைசிவரை தபால் பெட்டியில் போடவில்லை.

நேற்று வீட்டுக்குப் போன் செய்தேன். எல்லோரும் தட்டோடு உட்கார்ந்திருந்தது எனக்கே கேட்டது. அத்தையை மட்டும் வெளியே வரச் சொன்னேன். நீ எப்படிக் கிளம்பினாய் என்று கேட்டேன்.

"எப்படியா? முகாமுக்குப் போற அன்னிக்கு வரைக்கும் தினம் கேட்டான். 'சினீரா ஏதாவது சொன்னாளா அத்தை?'ன்னு. ஒண்ணும் சொல்லலையேடான்னேன். கப்பல்ல தபால் வந்தாலும் ஓடிப்போய்ப் பாப்பான். கடைசி நாள் பெட்டியைக் கட்டி வச்சுட்டு மறுபடி கேட்டான். இல்லைன்னேன். 'அப்ப சரி'ன்னு ஏறிட்டான்."

நான் அறிக்கை கொடுத்ததைச் சொன்னேன். அத்தைக்குப் புரியவில்லை. "யாருக்குக் குடுத்தே?" என்றார். அணிக்கு என்றேன். "அவங்க அவனுக்கு யாரு?" என்றார்.

அண்ணா, நீ சொல்லாதே என்று கெஞ்சினாய். உன் விருப்பத்தை மதிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது வசதியாக இருந்தது. நான் பார்த்ததை இரண்டு பக்கத்தில் எழுதி ஒருவர் மேஜையில் வைத்தால், அடிப்பது அவருடைய பேனா. உன் ஆசையைக் கெடுத்தவள் நானில்லை என்று ஆகிவிடும். இருபத்தேழு வருஷத்தில் நான் யாரிடமும் எதையும் செய்யாதே என்று சொன்னதில்லை. சொல்கிறவள் அதற்குப் பிறகும் எதிரில் நிற்க வேண்டும். நான் எப்போதும் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன்.

நீ இன்னும் ஒரு சீசன் ஆடி, "போதும்" என்று நீயே சொல்ல ஆசைப்பட்டாய். அதை உன்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். என் மேல் கோபப்படு. எத்தனை வருஷம் வேண்டுமானாலும்.

உன் தங்கையாகச் சொல்கிறேன். ஆடாதே.

சினீரா

*

மெம்ஃபிஸ்
ஆகஸ்ட் 8

தங்கச்சி,

உன் உறை நேற்று மதியம் வந்தது. விரைவுத் தபால், உன் கையெழுத்து. பிரிக்காமல் காலுறைகளுக்குக் கீழே வைத்தேன். பிரிக்காதவரை நீ சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளலாமே. மாலைப் பயிற்சிக்குப் போனேன். நன்றாக ஆடினேன், சினீரா. இருபத்திரண்டு வயதுப் பயல் ஒருவனை மூன்று முறை உட்கார வைத்தேன். திரும்பி வந்து குளிக்காமலே பிரித்தேன். முதல் பக்கத்தைப் படிக்கவில்லை. நேராகக் கடைசி வரிக்குப் போனேன்.

பிறகு ரொம்பக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை பயிற்சியாளர் அறைக்குப் போய், நாளைக்கு ஆடவில்லை, இனிமேலும் இல்லை என்றேன். அவர் கதவைச் சாத்தினார்.

"டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல. என் தங்கச்சி சொன்னா."

"உங்க தங்கச்சி டாக்டரா?"

"இல்ல. தங்கச்சி."

அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு உட்காரச் சொன்னார். கையைப் பற்றி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி விஷயத்தையும். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நாளை பதினைந்து இருபது முறை என்னை இறக்கியிருப்பார் இல்லையா. எழுந்து வந்து கைகொடுத்தார். இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். கவனிக்காமல்தான்.

வெளியே என் அலமாரிக்குப் பக்கத்தில் பக்கத்துத் தீவு அபியாவிலிருந்து வந்த நம்மவன் ஒருவன் இருக்கிறான். என்ன ஆச்சு என்றான். தங்கச்சி வேண்டாம் என்கிறாள் என்றேன். அவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ரேடியோவை அணைத்துவிட்டு என் பையை எடுத்து வண்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தான்.

நீ சொல்லக்கூடாது என்று கெஞ்சினேன், தினமும் சொன்னாளா என்று அத்தையிடம் கேட்கவும் செய்தேன். இரண்டும் நான்தான். ஆட்டத்தை என்னால் நிறுத்த முடியவில்லை. யாரோ போனில் நிறுத்தினால் ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. "போதும்" என்று நானே சொல்ல வேண்டும் என்று எழுதினேன் அல்லவா, இன்று பயிற்சியாளர் அறையில் அந்த வார்த்தையை என் வாயால்தான் சொன்னேன். நினைத்த மாதிரி இல்லை. வாயில் மண் இருந்த மாதிரி இருந்தது. ஆனால் நான் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இந்த விடுதியில் நடைபாதை நீளம், அதுதான் ஒரே வசதி. இதுவரை நாற்பது தடவை நடந்தாயிற்று. எதிர் அறைக்காரர் இரண்டு முறை கதவைத் திறந்து பார்த்தார், என் அளவைப் பார்த்து மறுபடி சாத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கழுத்து மருத்துவர். இன்று போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். காத்திருக்கும் அறையில் வரிசையாக மெல்லிய கால் வைத்த நாற்காலிகள், எதுவும் என்னைத் தாங்காது. உனக்கு விடுப்புக் கிடைத்தால் வா. ஒன்றும் பேச வேண்டாம். நீ உட்கார்ந்துகொள். நான் நிற்கிறேன்.

பெனி